பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி இயற்பியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வருவார்கள். டியூஷன் இல்லை, காசும் இல்லை. பாடப்புத்தகத்தில் இருப்பது போதவில்லை, அதற்கு மேல் தெரிய வேண்டும் என்ற நமைச்சல் உள்ளவர்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் வருடா வருடம் மாறுகிறார்கள்; கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் திரும்பச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கல்லூரி இயற்பியல் என்று எதைச் சொல்கிறீர்கள்? கருந்துளையா?

இல்லை. இயக்கவியல் (விசைக்குப் பதில் ஆற்றலை வைத்து இயக்கத்தை எழுதும் லக்ராஞ்சியன் முறை வரைக்கும்), மின்காந்தவியல், வெப்ப இயக்கவியலும் புள்ளியியல் இயற்பியலும், சிறப்புச் சார்பியல், குவாண்டம் இயக்கவியல். பி.எஸ்சி. மூன்று வருடத்தில் நடப்பது ஏறக்குறைய இதுதான். கருந்துளை, இணைப் பிரபஞ்சம், இழைக் கோட்பாடு எல்லாம் மூன்றாவது மாடி. யூடியூபில் மாடியை மட்டும் காட்டுகிறார்கள், படிக்கட்டு எந்தப் பக்கம் என்று யாரும் சொல்வதில்லை. மாடியைப் பார்த்து ஆசை வந்தால் தப்பில்லை. எனக்கும் அப்படித்தான் வந்தது.

சரி, எங்கே தொடங்குவது?

பாடப்புத்தகம் எங்கே நிறுத்துகிறதோ அங்கே.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இது: ப்ளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு, "புறக்கணிக்க", "எனக் கொள்க", "மிகச் சிறியது எனில்" என்று வரும் இடத்திலெல்லாம் அடிக்கோடு போட வேண்டும். காற்றின் தடை இல்லை. கயிற்றுக்கு நிறை இல்லை. கப்பியில் உராய்வு இல்லை. வாயு மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதில்லை. கோணம் மிகச் சிறியது. கணக்கு முடியும்படி புத்தகம் உங்களுக்குக் கொடுத்த சலுகைகள் இவை. ஏதாவது ஒரு சலுகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இப்போது என்ன ஆகும் என்று கேட்டால் கல்லூரிப் பாடம் ஆரம்பமாகிவிடும். கப்பிக்கு நிறை உண்டென்றால் திண்பொருள் சுழற்சி. மூலக்கூறுகள் இழுத்துக்கொள்ளும் என்றால் வாண்டர்வால்ஸ் சமன்பாடு. புதுப் புத்தகம் வாங்குவதற்கு முன்பே நாலைந்து மாதத்துக்கு வேலை இருக்கிறது.

ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

தனி ஊசல். எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2 பை-யால் பெருக்கினால் அலைவு நேரம். கோணம் அதில் எங்கேயும் வராது. எவ்வளவு இழுத்து விட்டாலும் ஒரே நேரம் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால் அந்தச் சூத்திரத்தை வருவிக்கும் இடத்துக்கு நாலு வரி மேலே போய்ப் பாருங்கள், "கோணம் சிறியது எனில் சைன் தீட்டாவும் தீட்டாவும் சமம்" என்று இருக்கும்.

இப்போது ஒரு நூல், சைக்கிள் கடையில் கிடைக்கும் கனமான நட்டு ஒன்று, போனில் உள்ள ஸ்டாப்வாட்ச், இவ்வளவும் எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கவிடும் புள்ளியிலிருந்து நட்டின் நடுவரைக்கும் சரியாக 1 மீட்டர். 5 பாகை இழுத்து விட்டு 10 அலைவை எண்ணினால் 20.1 நொடி வரும். புத்தகம் சொன்னதேதான். 30 பாகைக்கு இழுங்கள், 20.4. 60 பாகைக்கு இழுத்தால் கணக்குப்படி 21.5 நொடி வர வேண்டும், அதாவது சுமார் 7 விழுக்காடு அதிகம். உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் பத்து முறை ஆடுவதற்குள் காற்று கோணத்தைக் குறைத்துவிடும். முதல் மூன்று அலைவை மட்டும் எடுத்து, பத்து தடவை திரும்பச் செய்து சராசரி பார்த்தால் கிட்ட வந்துவிடும்.

ஏன் அதிகமாகிறது? 60 பாகை என்பது ரேடியனில் 1.047. அதன் சைன் 0.866. அதாவது, புத்தகம் நினைத்துக்கொண்ட மீள்விசையைவிட உண்மையான மீள்விசை அந்த இடத்தில் 17 விழுக்காடு குறைவு. இழுப்பு குறைந்தால் திரும்பிவர நேரம் கூடும். இந்த அளவுக்கு விளங்க எந்த மேல்படிப்பும் வேண்டாம்.

அடுத்தது, அந்த 7 விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுவது? ஆற்றல் மாறா விதியை எழுதி, ஒவ்வொரு கோணத்திலும் வேகம் என்ன என்று பார்த்து, சின்னச் சின்னக் கோணத்தைக் கடக்க ஆகும் நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு தொகையீடு வந்து நிற்கும். அது உங்களுக்குத் தெரிந்த எந்த முறையிலும் அவிழாது. அதற்கு நீள்வட்டத் தொகையீடு என்று பெயர். முழுசாக அவிழாவிட்டாலும் தோராயமாக விரிக்கலாம்: ரேடியனில் உள்ள கோணத்தின் வர்க்கத்தை 16-ஆல் வகுத்து 1-உடன் கூட்டினால் முதல் திருத்தம். போட்டுப் பாருங்கள், 60 பாகைக்கு 6.9 விழுக்காடு வரும். மிச்சம் அடுத்த உறுப்புகளில் இருக்கிறது.

எவ்வளவு ஆட்டினாலும் ஊசல் ஒரே நேரம்தான் எடுக்கும் என்று கலிலியோவே நம்பினார். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ்தான் வட்டப் பாதையில் அது நடக்காது, சைக்ளாய்டு என்ற வேறொரு வளைகோட்டில் ஆடினால்தான் நடக்கும் என்று நிரூபித்து 1673-ல் புத்தகமாகப் போட்டார். உங்கள் வீட்டு நட்டும் நூலும் கலிலியோவைத் திருத்துகிறது என்பது எனக்கு இன்றைக்கும் சின்னச் சந்தோஷம்.

நேராகக் குவாண்டத்தில் ஆரம்பித்தால் என்ன?

நான் ஆரம்பித்திருக்கிறேன். ப்ளஸ் ஒன் கோடை விடுமுறையில் நூலகத்தில் ஒரு குவாண்டம் இயக்கவியல் புத்தகம் கிடைத்தது. வெளியே தரமாட்டார்கள் என்பதால் தினமும் போய் உட்கார்ந்து, கோடு போடாத நோட்டில் 40 பக்கம் எழுதினேன். குவாண்டத்தின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் பச்சை மையால் கட்டம் கட்டியிருந்தேன். பள்ளி திறந்ததும் பெருமையாக எங்கள் இயற்பியல் சாரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "இந்த அலைச்சார்பை வர்க்கம் பண்ணி எல்லா இடத்துக்கும் தொகையிட்டா ஏம்ப்பா 1 வரணும்?" என்றார். துகள் எங்கேயாவது ஓரிடத்தில் இருந்தாக வேண்டும், எல்லா நிகழ்தகவையும் கூட்டினால் 1, அவ்வளவுதான் பதில். அந்த வரியை நானே என் கையால் அழகாக எழுதியிருந்தேன், ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு மாதம் நான் செய்தது ஜெராக்ஸ் வேலை.

அவசரமாக நவீன இயற்பியல்தான் வேண்டும் என்றால் சிறப்புச் சார்பியலுக்குப் போங்கள். வர்க்கமூலமும் பத்தாம் வகுப்பு இயற்கணிதமும் போதும். மியூவான் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வேன். வளிமண்டலத்தின் மேலே, 15 கிலோமீட்டர் உயரத்தில், மியூவான் என்ற துகள் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. ஒளியின் வேகத்தில் போனால்கூட அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். தரைக்கு வர 50 மைக்ரோநொடி ஆகும், கிட்டத்தட்ட 23 ஆயுட்காலம். அப்படியென்றால் ஆயிரம் கோடியில் ஒன்றுதான் பிழைக்க வேண்டும். ஆனால் ஒளி வேகத்தில் 99.5 விழுக்காட்டில் ஓடும் மியூவானுக்கு நம் கண்ணில் காலம் 10 மடங்கு மெதுவாக ஓடுகிறது. அதே கணக்கைத் திரும்பப் போட்டால் பத்தில் ஒன்று தரைக்கு வந்துவிடும். மியூவான்கள் தரையில் நிஜமாகவே வந்து விழுகின்றன, இதைப் படிக்கும் நேரத்திலும் உங்களை ஊடுருவிப் போகின்றன. "காலம் சுருங்கும், நீளும்" என்று வசனம் பேசுவதைவிட இந்த இரண்டு எண்களை நீங்களே வரவழைப்பது மேல்.

கணக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நிறைய. இதில் சமாதானமே கிடையாது. இயற்பியலில் மாட்டிக்கொண்டேன் என்று வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கணிதத்தில்தான் மாட்டியிருப்பார்கள்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒரு சின்ன முரண்பாடு உண்டு. ப்ளஸ் ஒன் இயற்பியல் இரண்டாம் அலகிலேயே வகையிடலையும் தொகையிடலையும் பயன்படுத்துகிறது. கணிதப் புத்தகத்தில் அது இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. கணக்கு சார் அங்கே வந்து சேரும்போது இயற்பியலில் பாதிப் புத்தகம் முடிந்திருக்கும். அதனால் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து வரும் விடுமுறையிலேயே அந்த இரண்டாம் தொகுதியைக் கையில் எடுத்துவிடுங்கள். வெக்டர், எல்லை, வகையிடல், தொகையிடல் என்ற வரிசையில். நிறுவல்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கை பழக வேண்டும். நூறு தொகையீடாவது கையால் போட்டிருந்தால் புத்தகத்தில் ஒன்றைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்காது.

அதற்குப் பிறகு ப்ளஸ் டூ கணிதத்தில் அணிகள், கலப்பு எண்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள். குவாண்டத்துக்கு இந்த மூன்றும் வேண்டும். "இந்தக் கலப்பு எண் எதுக்குத்தான் ஆகும்?" என்று வகுப்பில் யாராவது கேட்டால், ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின் முதல் எழுத்தே கற்பனை எண் i தான் என்று சொல்லுங்கள்.

எந்தப் புத்தகம் வாங்குவது?

ஒரே ஒரு புத்தகம் வாங்கி அதை அழுக்காக்குங்கள். பத்து பிடிஎஃப் இறக்கி வைத்திருப்பவரை எனக்குத் தெரியும், பத்திலும் முதல் அத்தியாயம் மட்டும் தெரியும் அவருக்கு.

ப்ளஸ் ஒன்னுக்கு ஹெச்.சி. வர்மாவின் இரண்டு தொகுதிகள் போதும். கான்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்தவர். ஜேஇஇ புத்தகம் என்று முத்திரை குத்திவிட்டார்கள், ஆனால் நிதானமாக, இயற்பியலாகவே எழுதியிருக்கிறார். விலையும் நம்மால் தாங்கக்கூடியது. விரிவாகப் படிக்கப் பிடிக்கும் என்றால் ஹாலிடே–ரெஸ்னிக். இரோடோவின் கணக்குப் புத்தகத்தை எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். பாடமே இல்லாத வெறும் கணக்குகள் அது. ப்ளஸ் ஒன் பையனுக்குப் பத்தில் எட்டு வராது, வராதபோது தன் மூளையைச் சந்தேகப்படுவான்.

ஃபெய்ன்மன் விரிவுரைகள் பற்றிக் கேட்காத ஆளே இல்லை. 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்கு நடத்தியது. கால்டெக்கின் இணையதளத்தில் மூன்று தொகுதியும் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இயற்பியல் கற்க முடியாது. மாணவர்கள் பக்கமிருந்து பார்த்தால் தான் சரியாகச் செய்ததாக நினைக்கவில்லை என்று ஃபெய்ன்மனே முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஒரு பாடத்தை வேறு புத்தகத்தில் கணக்கோடு முடித்துவிட்டு, அதே பாடத்தை இவரிடம் வாசித்தால் ருசியே வேறு. முதலிலேயே வாசித்தால் புரிந்த மாதிரி இருக்கும், அடுத்த நாள் ஒன்றும் மிஞ்சாது.

மின்காந்தவியலுக்குக் கிரிஃபித்ஸ். முதல் அத்தியாயம் முழுக்க வெக்டர் நுண்கணிதம். அதைத் தாண்டிக் குதித்து இரண்டாவதுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்திருக்கிறார்கள்.

வீடியோ பார்த்தால் போதாதா?

போதாது. ஆனால் பாருங்கள். சென்னை ஐஐடியின் வி. பாலகிருஷ்ணன் நடத்திய செவ்வியல் இயற்பியல், குவாண்டம் இயற்பியல் வகுப்புகள் என்பிடெல் என்ற இலவச இணைய வகுப்புத் தளத்தில் முழுசாக இருக்கின்றன. பவர்பாயிண்ட் கிடையாது, பலகையும் சாக்பீஸும்தான். ப்ளஸ் டூ முடிக்கும் சமயத்தில் முதல் சில வகுப்புகள் பிடிபடும். அவர் ஒரு வரி எழுதி முடித்ததும் நிறுத்திவிட்டு, அடுத்த வரியை நீங்கள் நோட்டில் எழுதிப் பார்த்த பிறகு மறுபடி ஓடவிடுங்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

தமிழ் வழியில் படிக்கிறேன். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே பயமாக இருக்கிறது.

நானும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழிதான். உண்மையைச் சொல்கிறேன், முதல் ஆறு மாதம் கஷ்டம். அப்புறம் இல்லை.

இயற்பியல் ஆங்கிலம் நாவல் ஆங்கிலம் இல்லை. திரும்பத் திரும்ப வரும் சொற்கள் முந்நூறு நானூறு இருந்தால் அதிகம். நம் அரசுப் பாடநூல் இரண்டு மொழியிலும் இருப்பதுதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி: அதே அலகு, அதே படம், அதே கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தமிழில் "நிலைமத் திருப்புத்திறன்" என்று இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே போங்கள். திருப்பு விசைக்கு டார்க், கோண உந்தத்துக்கு ஆங்குலர் மொமென்டம், தனிச்சீரிசை இயக்கத்துக்குச் சிம்பிள் ஹார்மோனிக் மோஷன். ஒரு அலகு முடிவதற்குள் நாற்பது சொல் சேர்ந்துவிடும்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. சொல்லே பொருளைச் சொல்லிவிடும். "நிலைமம்" என்றால் இருந்தபடி இருக்க நினைப்பது. "திருப்பு" என்றால் சுழற்ற முயல்வது. ஆங்கில வழிப் பையனுக்கு "மொமென்ட் ஆஃப் இனர்ஷியா"வில் வரும் "மொமென்ட்" என்றால் கணநேரம்தான் ஞாபகம் வரும்.

பப்ளிக் எக்ஸாம், நீட், ஜேஇஇ எல்லாம் கெட்டுப்போகாதா?

ஜேஇஇக்கு இது கெடுதல் இல்லை, குறிப்பாக அட்வான்ஸ்டுக்கு. யோசிக்க வைக்கும் கணக்குகள்தான் அங்கே வருகின்றன. நீட் வேறு மாதிரி. 180 நிமிடத்தில் 180 கேள்வி, அதில் 45 இயற்பியல். ஒரு நிமிடத்துக்கு ஒன்று. ஊசலின் நீள்வட்டத் தொகையீடு தெரிந்தவருக்கு அந்த ஒரு நிமிடத்தில் எந்த லாபமும் இல்லை. மருத்துவம்தான் இலக்கு என்றால் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதில் செலவழிக்காதீர்கள், பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு வாரம் ஐந்து மணி நேரம். ப்ளஸ் டூவில் டிசம்பர் முதல் தேர்வு முடியும்வரை சுத்தமாக நிறுத்திவிடச் சொல்வேன். கும்பகோணத்தில் ராமானுஜன் கணிதம் ஒன்றே போதும் என்று மற்ற பாடங்களில் தோற்று, கல்லூரி உதவித்தொகையை இழந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதை வீரக்கதையாகச் சொல்கிறார்கள். அந்த வருடங்கள் அவருக்கு எப்படி இருந்தன என்று யோசிப்பதில்லை. வேதியியலில் பாஸ் பண்ணிவிடுங்கள்.

ஒலிம்பியாட் எழுதலாமா?

எழுதுங்கள். முதல் கட்டம் என்எஸ்இபி, இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பர் வாக்கில் நடத்துவது. அதில் தேறினால் அடுத்த வருடத் தொடக்கத்தில் ஐஎன்பிஎச்ஓ, மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பொறுப்பு. அங்கிருந்து ஒரு சின்னக் குழு மும்பை முகாமுக்குப் போகும், கடைசியில் ஐந்து பேர் சர்வதேசப் போட்டிக்கு. அந்தப் போட்டி 1967-ல் வார்சாவில் தொடங்கியது, இந்தியா 1998 முதல் கலந்துகொள்கிறது, 2015-ல் மும்பையிலேயே நடந்தது. எழுத்துத் தேர்வு 5 மணி நேரம், செய்முறை 5 மணி நேரம்.

ஐந்து பேரில் ஒருவராக வருவதற்காக எழுதச் சொல்லவில்லை. பழைய ஐஎன்பிஎச்ஓ வினாத்தாள்கள் ஹோமி பாபா மையத்தின் தளத்தில் விடையோடு கிடைக்கின்றன. ஒரு கேள்வியை ஒரு வாரம் வைத்து யோசிக்கலாம், அத்தனை சதை இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: பதிவு செய்யும் தேதி தேர்வுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஜூலையிலேயே பள்ளியில் கேட்டு வையுங்கள்.

ஒரு கணக்கில் எவ்வளவு நேரம் முட்டிக்கொண்டு நிற்பது?

முதல் நாள் 40 நிமிடம். மூடி வைத்துவிட்டு மறுநாள் 20 நிமிடம். அப்புறமும் வரவில்லை என்றால் விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மறைத்துக்கொள்ளுங்கள். முழு விடையைப் படித்துவிட்டால், மூன்று நாள் கழித்து அதே கணக்கை வெற்றுத்தாளில் போட்டாக வேண்டும். போட முடியவில்லை என்றால் அது இன்னும் உங்கள் கணக்கு ஆகவில்லை.

சந்தேகம் கேட்க எங்கள் ஊரில் ஆளே இல்லையே?

இருக்கிறார்கள், நாம்தான் கூச்சப்படுகிறோம். 1928-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அவருடைய அணு இயற்பியல் நூலைத் தானாகவே படித்து முடித்திருந்தார். சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய் அவரைப் பார்த்தார். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்றார் சோமர்ஃபெல்ட். பையன் இடிந்து போயிருப்பான். ஆனால் உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றி, இன்னும் அச்சாகாத தன் கட்டுரையின் மெய்ப்புப் படியை சோமர்ஃபெல்ட் அவன் கையில் கொடுத்தனுப்பினார். அதிலிருந்த புதிய புள்ளியியலைக் கற்றுக்கொண்டு அந்தப் பையன் எழுதிய கட்டுரை 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பையன் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-ல் நோபல் வாங்கியவர்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரியில் இயற்பியல் துறை இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் போய், ஒரு நோட்டோடு நின்று, "சார், இந்த வரியிலிருந்து இந்த வரிக்கு எப்படி வந்தாங்கன்னு புரியல" என்று கேளுங்கள். "எனக்குக் குவாண்டம் சொல்லிக்கொடுங்க" என்று கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு வரியைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்.

சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா?

நீங்கள் முயன்று பார்த்த பிறகு, உங்கள் வழியை எழுதிக் காட்டி, எங்கே தப்பு என்று கேட்கலாம். முதலிலேயே கேட்டால் நான் பச்சை மையில் கட்டம் கட்டிய கதைதான். தவறான விடையையும் அதே பணிவான குரலில் சொல்லும், அதையும் ஞாபகம் வையுங்கள்.

கம்ப்யூட்டர் வேண்டுமா? லேப்டாப் இல்லை.

போன் போதும். பைத்தானை உலாவியிலேயே ஓட்டலாம். ஊசலையே மறுபடி எடுங்கள். கோணம், கோண வேகம் என்று இரண்டே எண்கள். ஒவ்வொரு 0.01 நொடிக்கும் முடுக்கத்தைக் கணக்கிட்டு, அதை வைத்து வேகத்தை மாற்றி, வேகத்தை வைத்துக் கோணத்தை மாற்றிக்கொண்டே போனால் சைன் தீட்டாவைத் தோராயம் செய்யாமலேயே 60 பாகைக்கு விடை வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வரி நிரல்.

இதில் ஒரு வேடிக்கை. கோணத்தைப் பழைய வேகத்தால் மாற்றினால் ஊசலின் ஆற்றல் தானாக ஏறிக்கொண்டே போகும்: 1 மீட்டர் ஊசலைச் சிறிதாக ஆட்டினால் ஒரே அலைவில் 20 விழுக்காட்டுக்கு மேல். யாரும் தள்ளாமலேயே ஊசல் உயரமாக ஆடும். முதலில் வேகத்தை மாற்றிவிட்டு, அந்தப் புது வேகத்தால் கோணத்தை மாற்றினால் ஆற்றல் கட்டுக்குள் நிற்கும். இரண்டு வரிகளை மேலும் கீழும் மாற்றிப் போடுவதுதான் வித்தியாசம். ஏன் என்று எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு மாணவி கேட்டு, மூன்று வாரம் அதிலேயே போனது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

நான் அப்பா. மகள் பொறியியல் வேண்டாம், இயற்பியல்தான் என்கிறாள். என்ன செய்வது?

ஐயா, முதலில் அவளுடைய நோட்டைப் பாருங்கள். வீடியோக்களின் பெயராக இருந்தால் இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம். போட்டு, அடித்து, திரும்பப் போட்ட கணக்காக இருந்தால் அவள் சொல்வதை நம்புங்கள். ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு ஐஏடி என்ற தேர்வு, திருப்பதியிலேயே ஒன்று இருக்கிறது. அதே மாதிரியான புவனேஸ்வர் நைசருக்கு நெஸ்ட் என்ற தேர்வு. சென்னைக் கணிதவியல் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்த்து ஒரு பட்டப்படிப்பு, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. இவற்றுக்கு விண்ணப்பித்துக்கொண்டே பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்யலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை. சம்பளம் பற்றிக் கேட்பீர்கள்: ஆராய்ச்சிப் பாதை நீளம், முப்பது வயதுவரை பொறுமை வேண்டும். அதை அவளிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

விடை பின்னால் இல்லாத கணக்கில், நான் போட்டது சரி என்று எப்படித் தெரியும்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. முதலில் அலகு பொருந்துகிறதா பாருங்கள். அப்புறம் எண்களை ஓரத்துக்குத் தள்ளுங்கள். கப்பியின் இரண்டு பக்கமும் இரண்டு நிறை தொங்குகிறது. முடுக்கம் என்பது நிறைகளின் வித்தியாசத்தை அவற்றின் கூடுதலால் வகுத்து, ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கியது என்று உங்களுக்கு வந்திருக்கிறது. இரண்டு நிறையும் சமம் என்று வையுங்கள்: சுழி, அசையாது, சரி. ஒன்றைச் சுழி ஆக்குங்கள்: மற்றது தடையின்றி விழுகிறது, சரி. இரண்டையும் இடம் மாற்றுங்கள்: குறி மாறுகிறது, அதாவது எதிர்ப்பக்கம் ஓடுகிறது, சரி. போன மாதம் ஒரு பையன் வகுத்தலில் கூடுதலுக்குப் பதில் வித்தியாசத்தைப் போட்டுவிட்டான். சமமான நிறைகளை வைத்துப் பார்க்கச் சொன்னேன். கீழே சுழி வந்ததைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவனே அடித்துவிட்டு மறுபடி போட ஆரம்பித்தான்.